பி.எஸ்சி. நர்சிங் முடித்தாயிற்று: ஊர் நர்சிங் ஹோமா, கோவை ஐசியூவா, வீட்டிலிருந்து எம்ஆர்பியா?

புதுஸ்டாஃப்:
எல்லாருக்கும் வணக்கம். கடைசி வருஷ ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். ஊர் திண்டுக்கல் பக்கம். கையில் இப்போது மூன்று வழி இருக்கிறது, வீட்டிலும் அதற்கேற்ப மூன்று கட்சி.

பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு நர்சிங் ஹோம், முப்பது படுக்கை, மாதம் 11,000. அப்பாவுக்கு இது போதும், ராத்திரி வீட்டுக்கு வந்துவிடுவேன் என்கிறார் (நைட் டியூட்டி என்று ஒன்று இருப்பதை இன்னும் யாரும் அவரிடம் சொல்லவில்லை). அடுத்தது கோவையில் பெரிய மல்டி ஸ்பெஷாலிட்டி, இன்டர்வியூ முடிந்தது, ஐசியூவில் போடுவதாகச் சொன்னார்கள், 16,000, ஹாஸ்டலுக்கு அதில் பிடித்தம் உண்டு. ஆனால் ஒன்றரை வருஷம் பாண்ட், ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் எல்லாம் அவர்களிடம் இருக்குமாம். அம்மா இரண்டும் வேண்டாம், வீட்டிலேயே உட்கார்ந்து எம்ஆர்பிக்கு (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வைக்கிற அரசு வேலைத் தேர்வு) படி, அரசாங்க வேலைதான் வேலை என்கிறார். எஜுகேஷன் லோன் தவணை வேறு தொடங்கப் போகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான்கு வருஷத்தில் கிளினிக்கல் போஸ்டிங் என்று போனதெல்லாம் பெட் மேக்கிங், பிபி, டெம்பரேச்சர், கேஸ் ஸ்டடி எழுதுவது, இதோடு சரி. தனியாக ஒரு வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் போடுகிற ஊசிக்குழாய்) போட்டதில்லை. ஐசியூ என்றதும் வயிற்றைக் கலக்குகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஐசியூ_அக்கா:
கோவைதான். யோசிக்கவே வேண்டாம் தங்கச்சி. பாண்ட் விஷயம் தனி, அதைப் பிறகு பேசலாம்.

முப்பது படுக்கை நர்சிங் ஹோமில் கை பழகும், மறுக்கவில்லை. ஒரு மாதத்தில் வென்ஃப்ளான் கண்ணை மூடிக்கொண்டு போடுவாய். ஆனால் நைட்டில் நீ ஒருத்திதான் ஸ்டாஃப். ஃபார்மசி சாவியும் உன்னிடம், போனும் நீதான் எடுக்க வேண்டும், கேஷுவால்டிக்கு ஆள் வந்தாலும் நீதான் ஓட வேண்டும், டாக்டர் வீட்டில் இருப்பார். ஒன்றைச் சரியாகச் செய்கிறாயா தப்பாகச் செய்கிறாயா என்று பார்த்துச் சொல்ல அங்கே ஆளே கிடையாது. தப்பான பழக்கமும் அதே வேகத்தில் கையில் ஒட்டிக்கொள்ளும், அதுதான் பயம்.

நல்ல ஐசியூவில் உன்னை முதல் நாளே தனியாகப் பேஷண்ட் பார்க்க விடமாட்டார்கள். சீனியர் ஒருவருடன் சேர்த்து விடுவார்கள். வென்டிலேட்டர் மோடு, ஏபிஜி (ரத்த வாயுப் பரிசோதனை) இதெல்லாம் தானாக வரும், அதற்குப் பயப்படாதே. நான் புதுசாக வருகிற பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது ஹேண்டிங் ஓவர் எடுப்பதைத்தான். ஷிஃப்ட் மாறும்போது போகிற ஸ்டாஃப் கடகடவென்று சொல்லிக்கொண்டே போவார், நீ நோட்டில் எழுதிக்கொண்டே நிற்காதே. நோட்டை மூடு, பேஷண்டைப் பார். இன்ஃப்யூஷன் பம்ப்பில் நார்அட்ரினலின் (பிபியை இறங்காமல் பிடித்து வைக்கிற மருந்து) ஓடுகிறது என்றால் சிரிஞ்சு லேபிளில் எத்தனை மில்லிகிராம், எத்தனை எம்எல்லில் கலந்தது, எத்தனை மணிக்குக் கலந்தது, யார் கையெழுத்து. பம்ப்பில் மணிக்கு எத்தனை எம்எல். சிரிஞ்சில் மீதி எத்தனை. மணிக்கு 6 எம்எல் ஓடுகிறது, மீதி 9 எம்எல் என்றால் ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும், அப்படியானால் அடுத்த சிரிஞ்சை இப்போதே லோடு செய்து வைக்க வேண்டும். தீர்ந்து அலாரம் அடித்த பிறகு ஆம்ப்யூலை உடைக்க ஆரம்பித்தால் அந்த இடைவெளியில் பிபி மடமடவென்று இறங்கிவிடும். அப்புறம் பம்ப்பிலிருந்து டியூபைக் கையால் பிடித்துக்கொண்டே பேஷண்ட் வரை போ. எந்த லைன் எந்த த்ரீவேயில் (டியூப்கள் சேரும் மூன்று வழி இணைப்பு) சேர்கிறது, அந்த லைனில் வேறு எந்த மருந்தையும் யாராவது புஷ் பண்ணிவிடும் நிலையில் இருக்கிறதா என்று பார். இத்தனையும் பார்த்துவிட்டுத்தான் ஓவர் எடுத்ததாகக் கையெழுத்து. முகம் சுளிப்பார்கள், பஸ் போய்விடும் என்பார்கள். சுளிக்கட்டும்.

இதைப் பழகிவிட்டால் எந்த ஊர் ஐசியூவிலும் பிழைத்துக்கொள்வாய். முப்பது படுக்கை நர்சிங் ஹோம் இதைத் தராது.

எம்ஆர்பி2015:
அம்மா சொல்வதைக் கேட்டு வீட்டில் உட்காராதீர்கள் சிஸ்டர், என் பெயரைப் பார்த்தாலே காரணம் தெரியும்.

2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் முதல்முறையாக நர்ஸ்களுக்குப் போட்டித் தேர்வு வைத்தது. 7,243 இடம். ஊரே எழுதியது. பாஸ் பண்ணியதும் எங்கள் தெருவில் இனிப்பு கொடுத்தார் அப்பா. ஆர்டரில் இருந்தது தொகுப்பூதியம், மாதம் 7,700 ரூபாய். இரண்டு வருஷம் முடிந்தால் நிரந்தரம் என்று நம்பித்தான் சேர்ந்தோம். இரண்டு வருஷம் முடிந்தது, ஒன்றும் வரவில்லை. 2017 நவம்பரில் சென்னை டிஎம்எஸ் (மருத்துவ இயக்குநரக) வளாகத்தில் ஆயிரக்கணக்கில் போய் உட்கார்ந்தோம், ராத்திரி அங்கேயே படுத்தோம், டாய்லெட்டுக்குப் போவதே பெரும்பாடு, கைக்குழந்தையோடு வந்தவர்களும் இருந்தார்கள். அதற்குப் பிறகு சம்பளம் 14,000 ஆனது, அப்புறம் 18,000. நிரந்தரம் தவணை தவணையாக வந்தது. காலியிடம் உருவாக உருவாக சீனியாரிட்டிப்படி. எனக்கு வந்துவிட்டது, என்னோடு சேர்ந்தவர்களில் பலர் வெகுகாலம் காத்துக்கிடந்தார்கள்.

கொரோனாவில் எடுத்தவர்கள் கதை இன்னும் கொடுமை. பிபிஇ கிட்டுக்குள் வெந்து வேலை பார்த்தவர்கள், 2022 டிசம்பர் 31-உடன் ஒப்பந்தம் முடிந்தது என்று இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அனுப்பினார்கள். புத்தாண்டு அன்று தெருவில் நின்றார்கள்.

அதனால் அரசு வேலை வேண்டாம் என்று சொல்லவில்லை. நிரந்தரம் ஆன பிறகு மகப்பேறு விடுப்பு, மருத்துவக் காப்பீடு, மாதம் பிறந்தால் சம்பளம், இதெல்லாம் தனியாரில் கனவு. எம்ஆர்பி எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள். ஆனால் அறிவிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வேலை பார்த்துக்கொண்டே எழுதுங்கள். தமிழ் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்றத் தாளைத் திருத்தவே மாட்டார்கள், அதையும் சேர்த்துப் படியுங்கள். இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள் இதில்தான் வழுக்குகிறார்கள்.

பிரதர்_நெல்லை:
எல்லாரும் எம்ஆர்பி எம்ஆர்பி என்கிறார்கள், நார்செட் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. எய்ம்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து நடத்துகிற நர்சிங் ஆஃபீசர் தேர்வு, 2020-இலிருந்து நடக்கிறது. மத்திய அரசுச் சம்பள லெவல் 7, அடிப்படைச் சம்பளமே 44,900. அதற்கு மேல் டிஏ, வீட்டு வாடகைப் படி, நர்சிங் அலவன்ஸ். முதல் நாளிலிருந்தே நிரந்தரப் பணி, தொகுப்பூதியம் கிடையாது.

பி.எஸ்சி. என்றால் அனுபவம் இல்லாமலே எழுதலாம். ஜிஎன்எம் (நர்சிங் டிப்ளமோ) என்றால் 50 படுக்கைக்குக் குறையாத ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் வேண்டும், ஆகவே முப்பது படுக்கையில் சேர்ந்த ஜிஎன்எம் பிள்ளைகள் அங்கேயே அடிபட்டுப் போகிறார்கள், சேரும்போது யாரும் அதைச் சொல்வதில்லை. பொதுப் பிரிவுக்கு வயது 30 வரைதான், ஓபிசிக்கு 3 வருஷம், எஸ்சி எஸ்டிக்கு 5 வருஷம் தளர்வு. தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் போகும்.

ஆண் நர்ஸ்களுக்கு மட்டும் ஒரு வயிற்றெரிச்சல். இடங்கள் 80 சதவீதம் பெண்களுக்கு, 20 ஆண்களுக்கு. எங்கள் கட் ஆஃப் எங்கேயோ போய் நிற்கும். நான் பல தடவை எழுதித்தான் வந்தேன், இப்போது வடக்கே ஒரு எய்ம்ஸில் இருக்கிறேன். தனியாரிலும் ஆண் என்றால் கேஷுவால்டி, ஓடி (ஆபரேஷன் தியேட்டர்), டயாலிசிஸ், அதற்கு மேல் ஃபீமேல் வார்டில் விடமாட்டார்கள். பேஷண்டைத் தூக்க, மார்ச்சுவரிக்குக் கொண்டுபோக மட்டும் எல்லா வார்டிலிருந்தும் “பிரதர், பிரதர்” என்று கூப்பிடுவார்கள்.

புதுஸ்டாஃபுக்கு வயது பிரச்சினை இல்லை, பெண் என்பதால் எண்ணிக்கையும் சாதகம். இந்தி தெரியாதே என்று பயப்படாதீர்கள், வார்டில் ஆறு மாதத்தில் வந்துவிடும். “தர்த் கஹான் ஹை”யில் (எங்கே வலிக்கிறது) ஆரம்பித்தேன், இப்போது சண்டையே இந்தியில்தான்.

ரியாத்_சிஸ்டர்:
வெளிநாடு ஆசை மனதில் ஒரு மூலையில் இருந்தாலும் சரி, முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும்போதே அதை நினைத்துத் தேர்ந்தெடுங்கள். இங்கே சவூதி வருவதற்குத் தேர்வு ப்ரொமெட்ரிக், அதை ஒரு மாதம் உட்கார்ந்து படித்தால் பாஸ் பண்ணிவிடலாம். ஆளைக் கொல்வது டேட்டாஃப்ளோ என்கிற சான்றிதழ் சரிபார்ப்புதான். உங்கள் டிகிரி, கவுன்சில் பதிவு, அனுபவச் சான்று மூன்றையும் கொடுத்த இடத்துக்கே எழுதிக் கேட்பார்கள். பழைய ஆஸ்பத்திரி பதில் போடவில்லை என்றால் சரிபார்க்க முடியவில்லை என்று ரிப்போர்ட் வரும், பார்த்த வேலை பார்க்காத வேலை ஆகிவிடும். என் ரூம்மேட் ஒருவர் வேலை பார்த்த நர்சிங் ஹோமை மூடிவிட்டார்கள், டாக்டர் மகன் வெளிநாட்டில், கையெழுத்துப் போட ஆளில்லை. சுத்தமாக வீணானது அந்த அனுபவம்.

ஆகவே சேரும்போதே அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் ஸ்டாஃப் நர்ஸ் என்று இருக்கிறதா பாருங்கள். பல இடத்தில் முதல் ஆறு மாதம் டிரெய்னி என்று போடுவார்கள், அது கணக்கில் வராமல் போகலாம். வேலையை விடும்போது வாங்குகிற சான்றில் எந்த டிபார்ட்மென்ட், முழுநேரமா, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை படுக்கை, எல்லாம் இருக்க வேண்டும். “இவர் நல்ல பெண், வாழ்த்துகள்” என்று நாலு வரி கொடுப்பார்கள், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பெரும்பாலான இடத்தில் இரண்டு வருஷ அனுபவம் கேட்கிறார்கள். நடுவில் ரொம்ப நாள் வேலையில்லாமல் இடைவெளி விழுந்தாலும் கேள்வி வரும், வீட்டில் உட்கார்ந்து படிக்கப் போகிறவர்கள் இதையும் யோசியுங்கள்.

ஏஜென்ட் விஷயம் கடைசியாக. சட்டப்படி பதிவுபெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணமே அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். மூன்று லட்சம் நாலு லட்சம் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பத் தமிழ்நாடு அரசே ஓஎம்சிஎல் என்று 1978-இலிருந்து ஒரு நிறுவனம் வைத்திருக்கிறது, சென்னையில். மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் தாலியை அடகு வைக்க வேண்டியதில்லை.

புதுஸ்டாஃப்:
எல்லாருக்கும் நன்றி. எம்ஆர்பி அக்கா எழுதியதை அம்மாவுக்கு அப்படியே வாசித்துக் காட்டினேன். அமைதியாகிவிட்டார், ஆனால் “அவளுக்குக் கடைசியில் நிரந்தரம் ஆச்சா இல்லையா” என்று ஒரே கேள்வி.

அந்த ஒரிஜினல் விஷயம்தான் உறுத்துகிறது. ஒரிஜினல் அவர்களிடம் இருந்தால் நடுவில் நார்செட் வந்தால் என்ன செய்வது? அது சட்டப்படி சரியா?

பழைய_இன்சார்ஜ்:
சரியில்லை. சர்ட்டிஃபிகேட் உன் சொத்து, சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான் ஆஸ்பத்திரியின் வேலை. பாண்ட் முறை கூடாது என்று இந்திய நர்சிங் கவுன்சில் சொல்லிப் பல வருஷம் ஆகிறது. இருந்தும் நடக்கிறது, ஏனென்றால் பயிற்சி கொடுத்து ஆறு மாதத்தில் பிள்ளைகள் பறந்துவிடுகிறார்கள் என்று நிர்வாகத்துக்குப் பயம். அந்தப் பயத்தை நான் நிர்வாகப் பக்கத்தில் உட்கார்ந்து நேரில் பார்த்திருக்கிறேன், அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. ஆனால் ஆள் நிற்க வேண்டுமென்றால் சம்பளத்தைக் கூட்டு, லீவு கொடு. பீரோவில் சர்ட்டிஃபிகேட்டைப் பூட்டி வைத்து ஆளை நிறுத்துவது என்ன பிழைப்பு?

சம்பளம் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு ஒரு குழு போட்டது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் அரசு நர்ஸுக்குச் சமமான சம்பளம், 100-லிருந்து 200 வரை என்றால் 10 சதவீதம் குறைவாக, 50-லிருந்து 100 என்றால் 25 சதவீதம் குறைவாக, 50-க்குக் கீழே என்றாலும் 20,000-க்குக் குறையக் கூடாது என்று அது பரிந்துரைத்தது. கேரளாவில் 2017-இல் நர்ஸ்கள் தெருவுக்கு வந்து, அடுத்த வருஷம் 20,000 குறைந்தபட்சம் என்று அரசாணையே வாங்கினார்கள். நம் ஊரில் 2016 பரிந்துரைப்படி கொடுத்த சம்பளச் சீட்டு ஒன்றை நான் கண்ணால் கண்டதில்லை. இங்கே சங்கம் என்று வாயைத் திறந்தால் அடுத்த மாத ரோஸ்டரில் தொடர்ந்து நைட் விழும்.

நீ கேட்காத ஒன்று, பதவி உயர்வு. தனியாரில் சீனியர் ஸ்டாஃப், டீம் லீடர், இன்சார்ஜ், சூப்பர்வைசர் என்று ஏறலாம், வேகமாகவே ஏறலாம், ஏனென்றால் உனக்கு மேலே இருப்பவர்கள் எல்லாம் லண்டன் போய்விடுவார்கள். இருபத்தாறு வயதில் இன்சார்ஜ் ஆன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் சம்பளம் இரண்டாயிரம்தான் கூடும், தலைவலி பத்து மடங்கு கூடும். ஸ்டாக், இன்டென்ட், ரோஸ்டர், தொலைந்த பல்ஸ் ஆக்ஸிமீட்டர் புரோப், பேஷண்ட் மாமனாரின் புகார், எல்லாம் உன் தலையில். அரசில் சீனியாரிட்டிதான், நர்சிங் சூப்பரிண்டெண்ட் கிரேடு வரும்போது முட்டி வலியும் கூடவே வந்துவிடும்.

நான் பிள்ளைகளுக்குச் சொல்வது, பக்கவாட்டிலும் பார். இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் நர்ஸ், குவாலிட்டி, நர்ஸ் எஜுகேட்டர், கேத் லேப் (இதய ரத்தக்குழாய்ப் பரிசோதனை, சிகிச்சை), ஆன்காலஜி (புற்றுநோய்). என்ஏபிஎச் தரச் சான்று வேண்டும் என்று நினைக்கிற ஆஸ்பத்திரிக்கு இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் நர்ஸ் இல்லாமல் முடியாது. கிரிட்டிகல் கேர், நியோநேட்டல், ஆன்காலஜி இதிலெல்லாம் ஒரு வருஷ போஸ்ட் பேசிக் டிப்ளமோ இருக்கிறது. நர்ஸ் பிராக்டிஷனர் என்று கிரிட்டிகல் கேரில் முதுகலையும் வந்திருக்கிறது, படித்தவர்களுக்கு அந்தப் பதவியில் வேலை போடும் ஆஸ்பத்திரிகள்தான் இன்னும் குறைவு.

லேபர்ரூம்:
எல்லாரும் ஐசியூ பாட்டையே பாடுகிறீர்கள். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிறேன், நைட் என்றால் ஒரு ஸ்டாஃப், ஒரு ஆயா. ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோவில் முழு டைலடேஷனோடு (கர்ப்பப்பை வாய் முழுக்கத் திறந்து) வந்து இறங்குவார்கள். பார்ட்டோகிராஃப் (பிரசவம் எப்படிப் போகிறது என்று குறிக்கிற சார்ட்) போட நேரமிருக்காது. குழந்தையை எடுத்து, அழ வைத்து, நஞ்சு முழுசாக வந்ததா என்று திருப்பிப் பார்த்து, ஆக்ஸிடோசின் கொடுத்து, வயிற்றில் கை வைத்துக் கர்ப்பப்பை கல் மாதிரி இறுகுகிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டே, இன்னொரு பக்கம் 108-க்குப் போன் போடலாமா வேண்டாமா என்று நானே முடிவு செய்ய வேண்டும். எந்த ஐசியூவில் ஸ்டாஃபுக்கு இந்த முடிவை விடுகிறார்கள்? அங்கே ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுவது) கொஞ்சம் ஏறினாலும் டியூட்டி டாக்டர் ஓடி வருவார்.

சின்ன இடம் என்றால் மட்டம் என்று புதுசாக வருகிறவர்கள் மனதில் ஏற்றாதீர்கள்.

ஐசியூ_அக்கா:
மட்டம் என்று நான் சொல்லவே இல்லை சிஸ்டர். நீங்கள் அந்த லேபர் ரூமுக்குப் போகும்முன் எங்கேயோ பழகியிருப்பீர்கள். இந்தப் பிள்ளை வென்ஃப்ளானே போட்டதில்லை என்கிறது. அது அந்த ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாக நின்றால் என்ன ஆகும்? தனியாக முடிவெடுக்கிற இடத்துக்குப் போகட்டும், கூட ஆள் இருக்கிற இடத்தில் கொஞ்ச நாள் நின்றுவிட்டுப் போகட்டும்.

லேபர்ரூம்:
சரி, அது நியாயம். நானும் மெடிக்கல் காலேஜ் லேபர் வார்டில்தான் பழகினேன். ஆனால் தனியார் ஐசியூவில் கூட ஆள் இருக்கும் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்? கவுன்சில் விதியில் போதனா மருத்துவமனை ஜெனரல் வார்டுக்கு மூன்று பேஷண்டுக்கு ஒரு நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரிக்கு ஐந்துக்கு ஒன்று. எங்கே நடக்கிறது? ஐசியூவில் வென்டிலேட்டர் பேஷண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று என்பார்கள், நைட்டில் ஒருத்தி லீவு போட்டால் ஒன்றுக்கு மூன்று. சேரும் முன் அதைக் கேட்கச் சொல்லுங்கள்.

ஐசியூ_அக்கா:
இது உண்மை. தங்கச்சி, இதைக் குறித்துக்கொள். எச்ஆரிடம் கேட்காதே, அவர்கள் பிரவுச்சரைத்தான் வாசிப்பார்கள். ஷிஃப்ட் முடிந்து வெளியே டீக்கடையில் நிற்கிற ஸ்டாஃபைப் பிடித்துக் கேள். நேற்று நைட் உங்களுக்கு எத்தனை பேஷண்ட், மாதத்தில் எத்தனை டபுள் டியூட்டி, புதுசாக வந்தவர்களை எத்தனை நாளில் தனியாக விட்டார்கள்.

லீட்ஸ்_குளிர்:
தாமதமாக வருகிறேன், நைட் முடித்துத் தூங்கி எழுந்தேன். இங்கிலாந்து ஆசை உள்ளவர்களுக்குக் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கிறேன். 2022, 2023-இல் இந்தியாவிலிருந்து அள்ளி அள்ளி எடுத்தார்கள். இப்போது அந்த வேகம் இல்லை, இங்கே படித்து முடிக்கிற பிள்ளைகளுக்கே இடம் கிடைக்கவில்லை என்று புலம்புகிறார்கள். மூடிவிட்டது என்றும் இல்லை, ஓடி தியேட்டர், ஐசியூ அனுபவம் உள்ளவர்களுக்கு அவ்வப்போது திறக்கிறது.

முதலில் இங்கிலீஷ் தேர்வு. ஐஈஎல்டிஎஸ் என்றால் 7, ரைட்டிங்கில் மட்டும் 6.5 போதும். ஓஈடி (மருத்துவத் துறைக்காரர்களுக்கான இங்கிலீஷ் தேர்வு) என்றால் மற்ற மூன்றில் பி, ரைட்டிங்கில் சி பிளஸ். நான் ஓஈடிதான் சொல்வேன், டிஸ்சார்ஜ் லெட்டர் எழுதுவது, பேஷண்டிடம் பேசுவது, நமக்குத் தெரிந்த உலகம். ஐஈஎல்டிஎஸ்ஸில் பூங்காக்கள் நகரத்துக்கு அவசியமா என்று கட்டுரை கேட்பார்கள். அப்புறம் கம்ப்யூட்டரில் சிபிடி, அது இந்தியாவிலேயே எழுதலாம். இங்கே வந்த பிறகு ஓஸ்கி என்கிற செய்முறைத் தேர்வு, பத்து ஸ்டேஷன். அது முடியும் வரை பேண்ட் 4 சம்பளம் (பேண்ட் என்பது இங்கே சம்பளப் படிநிலை), முடித்தால் பேண்ட் 5. 2025-இல் இங்கிலாந்தில் அது ஆண்டுக்கு 31,000 பவுண்டு அளவில் தொடங்கியது. ரூபாயில் பெருக்கிப் பார்த்து மயங்காதீர்கள், வரி, வாடகை, குழந்தைக்கு நர்சரி என்று எடுத்தால் கையில் நிற்பது வேறு கணக்கு.

முன்னேற்றம் பற்றிப் பேசினீர்கள். ஊரில் பதினொரு வருஷம் ஐசியூ பார்த்துவிட்டு இங்கே வந்து, புதுசாகப் பாஸான இருபத்திரண்டு வயதுப் பிள்ளையோடு அதே பேண்ட் 5-இல் நிற்பது கஷ்டம்தான். வென்ஃப்ளான் போடக்கூட இங்கே தனியாகப் பயிற்சி முடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும், அது வரை தொடக் கூடாது. ஊரில் கண்ணை மூடிக்கொண்டு போட்டவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பேண்ட் 6-க்கு இன்டர்வியூ, நம் ஆட்கள் வேலையைச் செய்துவிடுவார்கள், செய்ததை வாயால் சொல்லத் தெரியாமல் தோற்பார்கள். நம் காலேஜில் “மேடம் கேட்டால் மட்டும் பேசு” என்று வளர்த்ததன் பலன் அது.

பிரதர்_நெல்லை:
கடைசி வரிக்கு ஒரு கும்பிடு. காலேஜில் சீனியர் வந்தால் சுவரோரம் ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள், பிறகு வார்டில் டாக்டர் டோஸ் தப்பாக எழுதினால் தைரியமாகக் கேள் என்றால் எப்படிக் கேட்பாள்?

எம்.எஸ்சி. பற்றி யாரும் சொல்லவில்லை. பி.எஸ்சி.க்குப் பிறகு ஒரு வருஷ அனுபவம் இருந்தால்தான் சேர முடியும், அதையும் சும்மா காகிதத்தில் வாங்கிச் சேர்கிறவர்கள் இருக்கிறார்கள். முடித்துவிட்டுத் தனியார் காலேஜில் டியூட்டராகப் போனால் சம்பளம் வார்டு ஸ்டாஃபுக்குப் பக்கத்தில்தான் நிற்கும். சில காலேஜுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வரும் நாளுக்கு மட்டும் எம்.எஸ்சி. தேவைப்படும். கற்பிப்பதில் உண்மையான ஆசை இருந்தால் படியுங்கள், வார்டிலிருந்து தப்பிக்க மட்டும் படிக்காதீர்கள்.

புதுஸ்டாஃப்:
கோவை போய்விட்டு வந்தேன். டீக்கடை யோசனை பலித்தது அக்கா. இரண்டு ஸ்டாஃப் பேசினார்கள். நைட்டில் இரண்டு பேஷண்டுக்கு ஒருவர், ஆள் வராவிட்டால் மூன்று. புதுசாக வந்தவர்களை ஒன்றரை மாதம் சீனியரோடு வைத்திருக்கிறார்கள், மெடிக்கல் ஐசியூவில் அப்படி, கார்டியாக்கில் இன்னும் அதிகம். டபுள் டியூட்டி உண்டு, அதற்கு ஆஃப் கொடுக்கிறார்கள், ஆனால் கேட்ட தேதியில் கிடைக்காது. ஒரு அக்கா என்னிடம் “மெஸ் சாப்பாட்டை நம்பி வராதே” என்று மட்டும் இரண்டு தடவை சொன்னார்.

எச்ஆரிடம் ஒரிஜினல் தரமாட்டேன் என்றேன். கை நடுங்கியது, ஆனால் சொல்லிவிட்டேன். முதலில் முறைத்தார்கள், பிறகு சரி, ஒரிஜினலைப் பார்த்துவிட்டுத் தந்துவிடுகிறோம், அதற்குப் பதில் ஒரு செக் கொடுங்கள் என்றார்கள். தொகை எழுதாத செக். பாண்ட் அதே ஒன்றரை வருஷம். ஆர்டரில் ஸ்டாஃப் நர்ஸ் என்றே போடுவதாகச் சொன்னார்கள். நர்ஸ் பதிவு எண் இன்னும் வரவில்லை, மாநில நர்சிங் கவுன்சிலில் விண்ணப்பம் போட்டிருக்கிறேன், அதற்குள் வந்து சேருங்கள், அப்புறம் கொடுக்கலாம் என்கிறார்கள். சேரலாமா?

பழைய_இன்சார்ஜ்:
தொகை எழுதாத செக் யாருக்கும் எப்போதும் கொடுக்காதே. பாண்டில் எவ்வளவு போட்டிருக்கிறார்களோ அந்தத் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, ஆஸ்பத்திரி பெயருக்குக் கிராஸ் பண்ணிக் கொடு, செக் நம்பரை பாண்டிலேயே எழுதச் சொல், பாண்ட் காப்பி ஒன்று உன் கையில் இருக்க வேண்டும். மாதம் ஆக ஆக அந்தத் தொகை குறையுமா என்றும் கேள். பதினேழு மாதம் முடித்துவிட்டு நார்செட் கிடைத்துப் போகிறவளிடம் முழுத் தொகையும் கேட்பது அநியாயம், கேட்டால் சிலர் ஒப்புக்கொள்கிறார்கள். சம்பளத்தில் பிஎஃப், இஎஸ்ஐ பிடிக்கிறார்களா என்று பார். பிடிக்கட்டும், விடு. நாளைக்கு அனுபவச் சான்று தர மறுத்தாலும் மாதாமாதம் பிஎஃப் கட்டிய கணக்கு நீ அங்கே வேலை பார்த்ததற்குச் சாட்சி.

ரியாத்_சிஸ்டர்:
பதிவு எண் வரும் முன் சேராதீர்கள். லைசென்ஸ் இல்லாமல் பார்த்த மாதங்களை இங்கே அனுபவமாக எண்ணமாட்டார்கள், பதிவுத் தேதிக்கும் சேர்ந்த தேதிக்கும் முன்பின் இருந்தால் அதற்கே விளக்கம் கேட்பார்கள். அதைவிட முக்கியம், பதிவில்லாமல் ஐசியூவில் மருந்து கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால் உங்கள் பின்னால் யாரும் நிற்கமாட்டார்கள். சென்னை சாந்தோமில் இருக்கிற கவுன்சில் ஆபீஸுக்குப் போய் நேரில் ஒரு தடவை கேட்டு வாருங்கள், விண்ணப்பம் எந்த மேஜையில் தூங்குகிறது என்று தெரிந்துவிடும். போகிற வழியில் காலேஜில் டிரான்ஸ்கிரிப்டுக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள், இரண்டு மூன்று செட்டாக. ஐந்து வருஷம் கழித்துக் கேட்டால் அந்தப் பிரின்சிபாலும் இருக்கமாட்டார், கிளார்க்கும் இருக்கமாட்டார்.

எம்ஆர்பி2015:
அம்மாவிடம் சொல்லுங்கள், நிரந்தரம் ஆகிவிட்டது. அதற்குள் பெரியவள் நாலாம் வகுப்புக்குப் போய்விட்டாள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

புதுஸ்டாஃப்:
சொன்னேன் அக்கா. எம்ஆர்பி புக் வாங்கி பெட்டியில் வைத்துக் கொடுத்தால் கோவை போகச் சம்மதம் என்கிறார், வாங்கியாயிற்று.

எச்ஆருக்குப் போன் செய்து பதிவு எண் வந்ததும்தான் சேருவேன் என்றேன். அடுத்த மாத பேட்ச்சில் பெயர் போட்டிருக்கிறார்கள். செக்கில் தொகை எழுத ஒத்துக்கொண்டார்கள், மாதாமாதம் குறைக்கிற விஷயத்துக்கு “மேலே கேட்டுச் சொல்கிறோம்” என்றார்கள். திங்கட்கிழமை சாந்தோம் போகிறேன். அங்கே காலையில் எத்தனை மணிக்குப் போனால் கூட்டம் குறைவாக இருக்கும்?

லேபர்ரூம்:
பத்து மணிக்கு முன்னால் போய் நின்றுவிடுங்கள். ஆதார், காலேஜ் ஐடி, விண்ணப்ப ரசீது மூன்றிலும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போங்கள். சாப்பாடும் கட்டிக்கொண்டு போங்கள்.